தங்கவயலின் ஓய்வுப் பொழுது

கோலார் தங்கவயலின் வரலாறு என்றவுடன் பலரும் பொன்னையே நினைப்பர். 1880-இல் ஜான் டெய்லர் குழுமத்தார் சுரங்கத்தொழிலில் இறங்கியதும், 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்ததும் நூலேறிவிட்டன. வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்து ஆழ்சுரங்கத்தில் உழைத்த நம் முன்னோர், ஓய்வுப் பொழுதில் கூடிக் களித்த கதையோ பெரிதும் ஏறவில்லை.

லயன் வாசலில் கோடு கிழித்தால் ஆடுபுலி ஆட்டம் தொடங்கிவிடும். புலிகள் 3, ஆடுகள் 15. தனித்த ஆடு இரையாகும். சேர்ந்து நின்றாலோ புலியே அடைபடும். 1930-இல் விரல்ரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்க்கு இப்பாடம் புதிதன்று. ஆட்டம் ஓய்ந்தால் படப்பேச்சு. ‘பராசக்தி’ (1952), ‘நாடோடி மன்னன்’ (1958) வசனங்களை ஒப்பிக்காத நண்பர் குழாம் அரிது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன, வாசற்கூட்டமும் கலைந்தது. இன்று பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் இரயில்பெட்டியே நம்மவர்க்கு வாசல். அங்கே இளைஞர் கைபேசியில் விளையாடுகின்றனர். மூத்தோர் பழைய படங்களைப் பேசுகின்றனர்.

‘கே.ஜி.எஃப்’ (2018), ‘தங்கலான்’ (2024) ஆகிய படங்களால் ஊரின் பெயரை உலகறியும். ஊராரின் பேச்சை நாமே எழுதிவைத்தாலன்றி யார் அறிவர்? இளைஞர்களே, முதியவர் ஒருவரை ஆடுபுலி ஆட்டத்திற்கு அழையுங்கள்; வரலாறு தானே பேசும்.