வெயிலை விட்டுப் போகிற உரிமை: காவிரிப் படுகையிலிருந்து ஏறிய இரண்டு மலைப்பாதைகள்

1

மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பது வழக்கம். இடையில் வருகிற சித்திரை வைகாசியில் காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி எல்லாம் மணலாகக் கிடக்கும். ‘கத்திரி’ என்று நாம் சொல்கிற அக்னி நட்சத்திர நாட்கள் சரியாக இந்த வறட்சிக்கு நடுவில்தான் விழுகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வெயில் அடிக்கும். கிழக்கே திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் போகப்போக வெயிலோடு கடலின் ஈரமும் சேர்ந்து புழுக்கமாகிவிடும். வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். அதனால்தான் வேலூர் வெயிலைவிட அளவில் குறைந்த நாகப்பட்டினத்து வெயில் மனிதனை அதிகமாக அடித்துப்போடுகிறது.

இது இயற்கை, இதில் அரசியல் என்ன இருக்கிறது, வெயில் எல்லார் தலையிலும்தானே அடிக்கிறது என்று கேட்கலாம். வெயில் பொதுதான். ஆனால் வெயிலை விட்டு நகர்ந்து போகிற உரிமை ஒருகாலத்திலும் பொதுவாக இருந்ததில்லை. யார் நகரலாம், யார் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், நகர்ந்து போனவர்களுக்குக் குளிர்ச்சியை யார் தயார் செய்து தர வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு வரலாறு உண்டு. தட்பவெப்பத்தைப் பற்றிய நமது பேச்சு அந்த வரலாற்றை ‘சீதோஷ்ணம்’ என்கிற ஒற்றைச் சொல்லால் மூடிவிடுகிறது.

நமது பழைய இலக்கணத்தில் கோடையில் ஊரைவிட்டுப் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது. பாலைத் திணைக்குப் பொழுது வேனிலும் நண்பகலும், உரிப்பொருள் பிரிவு. அங்கே தலைவன் வெயிலுக்குப் பயந்து கிளம்புவதில்லை, பொருள் தேடி வெயிலுக்குள்ளேயே போகிறான். குளிர்ச்சியைத் தேடி இடம்பெயர்வது என்கிற எண்ணம் அந்தத் திணை வகுப்பில் இல்லை. ஓர் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு கோடைக்கு மலையேறும் வழக்கம் நமக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் அறிமுகமானது.

2

மலைக்குப் போவதற்கு முன்னால் ஊருக்குள்ளேயே வெயில் எப்படிப் பங்கிடப்பட்டிருந்தது என்று பார்த்துவிடலாம். ஆற்றங்கரையை ஒட்டி அக்கிரகாரம். நீளமான வீடு, காற்று வர முற்றம், சாய்ந்துகொள்ளத் திண்ணை, நாட்டு ஓட்டுக் கூரை, கொல்லையில் கிணறும் தென்னையும். மிராசுதாரின் வீடு இதைவிடப் பெரிசு. சேரியோ ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவே திட்டில். குனிந்து நுழைகிற குடிசை. இந்த அமைப்பைக் கட்டடக் கலை என்று ரசிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மரநிழலும் கிணற்றுநீரும் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

வெயிலுக்கு எதிராக மனிதனுக்குக் கிடைத்த மிக எளிய கருவிகள் இரண்டு: தலைக்குக் குடை, காலுக்குச் செருப்பு. இந்த இரண்டையும்தான் சாதி ஊர்த்தெருவில் தலித் மக்களுக்கு மறுத்தது. குடை மடக்கு, செருப்பைக் கையில் எடு என்பதை மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டுமே நாம் படித்துவந்திருக்கிறோம். அதை உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமாகவும் படிக்க வேண்டும். கத்திரி வெயிலில் சுடுமண்ணில் வெறுங்காலோடு நட என்பது ஒரு தண்டனை. அது தினசரி நடந்ததால் தண்டனை மாதிரித் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, கோடை என்பது படுகையில் சாகுபடி இல்லாத காலம். மிராசுதாருக்கு ஓய்வு, திருவிழா, கச்சேரி. பண்ணையாளுக்கோ கூலி இல்லாத மாதங்கள், அல்லது வாய்க்கால் தூர்வாருகிற மாதங்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் ஆற்றையும் வாய்க்காலையும் வெட்டிச் சீர் செய்யும் குடிமராமத்து வேலை கோடையில்தான் நடந்தாக வேண்டும். ஆகவே வருஷத்தின் மிகக் கொடிய வெயில் நாட்களில் நிழலே இல்லாத வாய்க்கால் குழிக்குள் மண் சுமந்த உடம்புகள்தான் ஆடியில் பெருகி வருகிற காவிரிக்கு வழி செய்தன. காவிரியைப் பாடியவர்கள் பெருக்கைப் பாடினார்கள். தூர்வாரியவர்களின் கோடை பாட்டில் அதிகம் இல்லை.

3

1799இல் இரண்டாம் சரபோஜியோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகம் கும்பினியார் கைக்குப் போனது. கலெக்டரின் தலைமையிடம் முதலில் நாகப்பட்டினத்திலும், டேனிஷ்காரர்களிடமிருந்து தரங்கம்பாடியை வாங்கிய 1845க்குப் பிறகு அங்கேயும், 1860 வாக்கில் தஞ்சாவூருக்குமாக மாறியது. நெல்வயல் சூழ்ந்த தஞ்சாவூரின் ஈரம் வெள்ளைக்கார உடம்புக்கு ஒத்துவரவில்லை. மேற்கே ஏழெட்டு மைல் தள்ளி வல்லம் இருக்கிறது. மேட்டுப்பூமி, செம்புரை மண், அந்த நாளில் ஆற்றுப்பாசனம் எட்டாத வறண்ட காற்று. கலெக்டர் பங்களா வல்லத்தில் அமைந்தது இப்படித்தான்.

அன்றைய ஐரோப்பிய மருத்துவம் நோய்க்குக் காரணம் ‘கெட்ட காற்று’ என்று நம்பியது. மலேரியா என்கிற சொல்லின் பொருளே அதுதான். தேங்கிய நீர், அழுகும் தழை, ஈர நிலம் ஆகியவற்றிலிருந்து நச்சாவி கிளம்புகிறது என்றார்கள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல்தான். அதற்கு முந்தைய அறிவின்படி பார்த்தால் நெல்வயல் என்பதே நோய்நிலம். இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் அதிக நிலவரி தந்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. வரி வேண்டும், ஆகவே வயலில் நீர் நிற்க வேண்டும். அந்த நீர் நோய் தரும், ஆகவே வரி வாங்குகிறவன் மேட்டில் இருக்க வேண்டும். அந்த நீரில் முழங்காலளவு நின்று நடவு நடுகிறவர்களின் உடம்பு ‘பழகிப்போன உடம்பு’ ஆகிவிட்டது. ஆளுகிற உடம்பு மென்மையானது, உழைக்கிற உடம்பு தாங்கக்கூடியது என்று பிரிக்கிற வேலையை அந்த மருத்துவச் சொல்லாடல் செய்தது. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்கின்றன என்று ஃபூக்கோ சொன்னதற்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை.

வல்லம் மாவட்ட அளவில் செய்த காரியத்தை மாகாண அளவில் செய்தது ஊட்டி. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். சில வருஷங்களில் அங்கே கல் பங்களா கட்டினார், ஏரி வெட்டினார். தோடர்களின் மேய்ச்சல் நிலம் வெள்ளைக்காரர்களின் வீட்டுமனை ஆனது. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மோட்டார் சாலை வரும்வரை அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்கள் நம்ம ஆட்கள்தான்.

1870களிலிருந்து சென்னை அரசாங்கமே வருஷத்தில் பல மாதம் ஊட்டியில் உட்கார்ந்து ஆண்டது. கவர்னர், கவுன்சில் மெம்பர்கள், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், பைல் கட்டுகள் எல்லாம் மலையேறின. 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் ரயில் போய்ச் சேர்ந்தது. தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தை நாசம் பண்ணிய 1876–78 காலத்தில் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. ஊட்டியில் கவர்னர் மாளிகை கட்டப்பட்டது அவர் பதவிக்காலத்தில்தான். இந்த வருடாந்திர மலையேற்றத்தை இந்தியப் பத்திரிகைகள் கண்டித்தன. ஆனால் கண்டனம் பெரும்பாலும் செலவைப் பற்றியது, அரசாங்கம் மக்களிடமிருந்து தள்ளிப்போவதைப் பற்றியது. மலையேற முடியாத உடம்புகளுக்குக் கோடையில் என்ன ஏற்பாடு என்கிற கேள்வி தேசியச் சொல்லாடலிலும் எழவில்லை. அதைப் பேசியவர்கள் பலரும் திண்ணை உள்ளவர்கள்.

4

சரி, படுகையின் பண்ணையாட்கள் மலையேறவே இல்லையா? ஏறினார்கள். அது இரண்டாவது மலைப்பாதை.

1843இன் ஐந்தாவது சட்டம் அடிமையைச் சொத்தாகக் கோருகிற உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. காகிதத்தில் அடிமைமுறை போனது. கடனில் கட்டிய பண்ணையாள் முறை நின்றது. சாணிப்பாலும் சவுக்கடியும் 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் சங்கம் கட்டிப் போராடிய பிறகுதான் ஒழியத் தொடங்கின. இடைப்பட்ட நூறு வருஷத்தில் சேரியிலிருந்து தப்பிக்க இருந்த வழி கடல். நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கு. அங்கேயும் இதே புழுக்கம்தான், வயலுக்குப் பதில் கரும்பும் ரப்பரும். இன்னொரு திசை இலங்கையின் மலைநாடு. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன ஜனங்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் போனார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் அநேகம்.

நுவரெலியா இலங்கை வெள்ளைக்காரர்களின் ஊட்டி. துரைக்கு அது ஆரோக்கிய ஸ்தலம். முதலில் காப்பி, 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிந்த பிறகு தேயிலை. இரண்டுக்கும் குளிர் வேண்டும், சரிவு வேண்டும், மழை வேண்டும். ஆகவே துரைக்கு இதமான அதே சீதோஷ்ணம் செடிக்கும் இதமானது. கூலிக்கு எப்படி இருந்தது? வெறும் உடம்போடு சமவெளியிலிருந்து வந்த ஜனங்களுக்கு மலையில் முதலில் தேவைப்பட்டது கம்பளி. தோட்டம் கம்பளி கொடுத்தது, அதன் விலையைக் கணக்கில் எழுதிக்கொண்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று சேர்ந்த கடன் ‘துண்டு’ச் சீட்டில் ஏறி ஆளோடு தோட்டம் தோட்டமாகப் போனது. படுகையில் வெயில் தண்டனையாக இருந்தது என்றால் மலையில் குளிர் கடனாக இருந்தது. ஒற்றை அறை லயன், அட்டைக்கடி, ஈரம் காயாத சேலை, நிமோனியா. ‘இதமான தட்பவெப்பம்’ என்று பயண நூல்கள் எழுதிய இடம் இதுதான்.

இரண்டு பாதைகளையும் தனித்தனியாகப் படிக்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும். மலைவாசஸ்தலங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தேவாலயம், கிளப், ரோஜாத் தோட்டம் என்று எழுதுகிறார்கள். கூலிப் புலம்பெயர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் கங்காணி, கடன், கப்பல் என்று எழுதுகிறார்கள். காட்டை வெட்டி, பாதை போட்டு, டோலி தூக்கி, விறகும் தண்ணீரும் சுமந்து, தேயிலை கிள்ளிய கைகள் இல்லாமல் அந்தக் குளிர்ச்சி யாருக்கும் அனுபவமாகியிருக்காது. குளிர் மலையில் இயற்கையாகவே இருந்தது. குளிர்ச்சியான வாழ்க்கை அங்கே உற்பத்தி செய்யப்பட்டது.

5

1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றது. மூன்று நான்கு தலைமுறை கழித்துத் ‘தாயகம்’ திரும்பியவர்களுக்குத் தஞ்சாவூரில் நிலமா கிடைத்தது? அந்தப் படுகையில் நிலம் கேட்பதென்றால் என்ன என்பதை 1968 டிசம்பர் 25 சொல்லிவிட்டது. அரைப்படி நெல் கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

அதே 1968இல் திரும்பி வந்தவர்களுக்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், சுருக்கமாக டான்டீ, ஆனது. மலையில் கொழுந்து கிள்ளப் பழகிய உடம்பு, ஆகவே மலையிலேயே கிடக்கட்டும். வயலில் ‘வெயில் பழகிய உடம்பு’ என்றார்கள், மலையில் ‘குளிர் பழகிய உடம்பு’ என்றார்கள். இரண்டு தடவையும் தீர்மானித்தது வேறு ஆட்கள். 2022இல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர முடிவானபோது, அங்கே ஐம்பது வருஷம் குடியிருந்தவர்களுக்கு மறுபடியும் வீடு ஒரு கேள்வியானது.

6

இன்றைக்குக் கோடை இன்னும் கடுமையாகிறது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது. அந்த மே 7இலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. மலையேறுகிற கார்கள் அத்தனை. அதே வருஷம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் வெயிலில் சாகிறவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்க வழி வந்தது. வெயில் சாவைச் ‘சாதாரணச் சாவு’ என்று எழுதிவந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நிவாரணம் செத்த பிறகு வருவது. காரும் ஏ.சி.யும் இருப்பவர்களுக்கு நகரும் உரிமை முன்பே இருக்கிறது. ஏரி தூர்வாரப் போகிற நூறுநாள் வேலைப் பெண்களுக்கும், குறுவை நடவுக்குக் குனிகிற பெண்களுக்கும், செங்கல் சூளையிலும் சாலைபோடும் தாரிலும் நிற்பவர்களுக்கும் வேலைநேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை, வேலையிடத்தில் நிழலும் குடிதண்ணீரும் கேட்கும் உரிமை, உச்சிவெயிலில் வேலையை நிறுத்திவிட்டுக் கூலி குறையாமல் வாங்கும் உரிமை வேண்டும். இவை சலுகையாக வராது. குடையும் செருப்பும் சலுகையாக வரவில்லை. படுகையில் சங்கம் கட்டியவர்கள் சவுக்கைப் பறித்தார்கள், கூலியை உயர்த்தினார்கள். வெயிலை இன்னும் நாம் கோரிக்கைப் பட்டியலில் எழுதவில்லை.