டிரனிசைட் என்றால் என்ன? கொடைக்கானல் கிளம்பிய கலெக்டர் ஆஷ் கொலையும் ஒரு சொல்லின் பின்னணியும்

1911 ஜூன் 17, காலை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியுடன் கொடைக்கானலுக்குக் கிளம்பியிருந்தார். பிள்ளைகள் ஏற்கெனவே மலையில் இருந்தார்கள். தூத்துக்குடியில் இருந்து வரும் ரயிலுக்காக மணியாச்சி ஜங்ஷனில் அவர்களது முதல் வகுப்புப் பெட்டி காத்திருந்தது. அங்கே வந்த செங்கோட்டை வாஞ்சிநாதன், ஆஷை சுட்டுக் கொன்றார். பிறகு ஸ்டேஷன் கழிவறைக்குள் ஓடி தன்னையும் சுட்டுக்கொண்டார்.

கொடுங்கோலனைக் கொல்வதற்கு ஆங்கிலத்தில் ஒரு தனிச்சொல்லே இருக்கு: டிரனிசைட். கொலைக்கும், கொன்றவருக்கும் அதே சொல்தான்.

சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்தில் 'டிரானோஸ்' என்றால் முறைப்படி இல்லாமல் ஆட்சியைப் பிடித்தவர். ஆரம்பத்தில் அதில் கெட்ட அர்த்தம் கிடையாது. அதோடு 'கொல்' என்ற பொருள் தரும் லத்தீன் சொல் சேர்ந்தது. கி.மு. 514-ல் ஏதென்ஸில் ஹிப்பார்கஸை இரண்டு பேர் கொன்றார்கள். காரணம் சொந்தப் பகை. ஆட்சியில் இருந்தது அவருடைய அண்ணன் ஹிப்பியாஸ். ஆனாலும் பின்னாளில் அந்த இருவருக்கும் சிலை வைத்து, கொடுங்கோலனைக் கொன்றவர்கள் என்று ஏதென்ஸ் கொண்டாடியது.

தமிழில்?

'கொடு' என்றால் வளைந்தது. கொடுவாள் என்கிறோமே, அதே 'கொடு'தான். நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மை 55-வது அதிகாரம், கொடுங்கோன்மை அதற்கு அடுத்தது. ஆனால் கொடுங்கோலனைக் கொல்வதற்கு என்று புழக்கத்தில் ஒரே சொல் நம்மிடம் இல்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியனை யாரும் வெட்டவில்லை. தன் கோல் வளைந்தது தெரிந்ததும் அவனே உயிர் விடுகிறான்.

ஆஷ் கொடுங்கோலனா?

இங்கேதான் சண்டை. வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்ற கோபம் அன்றே இருந்தது. 1908-ல் வ.உ.சி. கைதானதும் வெடித்த கலவரத்தில் திருநெல்வேலியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் இறந்தார்கள். ஆனால் வாஞ்சியிடம் கிடைத்த கடிதம் கப்பல் கம்பெனியைப் பேசவில்லை. ஆங்கிலேயர் சனாதன தர்மத்தை அழிக்கிறார்கள் என்றது. ஐந்தே நாளில் லண்டனில் நடக்கவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டையும் கண்டித்தது. அதனால்தான் ஒரு தரப்பு அவரைத் தியாகி என்கிறது, இன்னொரு தரப்பு சாதி, மதக் கோபம் என்கிறது. கடிதத்தைப் படிக்காமல் இரண்டு பக்கமும் பேசுவதுதான் அதிகம்!

சட்டத்துக்கு இந்த வாதம் தேவைப்படவில்லை. சதி வழக்கில் 14 பேர் மீது விசாரணை நடந்தது, நீலகண்ட பிரம்மச்சாரி சிறைக்குப் போனார். அந்த ஸ்டேஷனுக்கு இப்போது வாஞ்சி மணியாச்சி என்று பெயர். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது.