எடை குறைந்த பிறகும் மாத்திரை எதற்கு?

எடை குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை, வருஷாவருஷம் ரத்தப் பரிசோதனை என்று இருக்க வேண்டும். "எடைதான் குறைஞ்சாச்சே, இன்னும் எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் தேடி நான் பழைய வரலாற்றுக்குள் போனேன்.

1960, 70களில் அமெரிக்காவில் குடலைச் சுருக்கும் ஆபரேஷன் பிரபலம். சுமார் ஆறு மீட்டர் சிறுகுடலில் அரை மீட்டர் வழியாக மட்டும் உணவு போகும், மீதியை ஒதுக்கிவிடுவார்கள். எடை மளமளவென்று இறங்கியது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு. வருஷங்கள் கழித்தும் இவை வந்தன. பலருக்குக் குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று.

1966-ல் அயோவாவில் எட்வர்ட் மேசன் வேறு வழி எடுத்தார். இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைத்தார். இன்றைய கேஸ்ட்ரிக் பைபாஸ் இதிலிருந்து வளர்ந்ததுதான். இது முந்தையதைவிடப் பாதுகாப்பு. ஆனால் சிறுகுடலின் தொடக்கப் பகுதியை உணவு தொடாததால் இரும்பு, கால்சியம் உறிஞ்சுவது குறையும். பி12 உறிஞ்சுவதும் குறையும். கல்லீரலில் இருக்கும் பி12 கையிருப்பு சில வருஷம் தாங்கும் என்பதால் குறைபாடு தாமதமாகத்தான் தெரியும். இனிப்பு சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை வரலாம்.

1987-ல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வில், ஒன்றிரண்டு வருஷத்தில் அடிமட்டத்துக்கு வந்த எடை பிறகு கொஞ்சம் ஏறியது. ஆனாலும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவு என்று 2007-ல் முடிவு வந்தது. ஆகவே எடை கொஞ்சம் ஏறினால் "தோத்துட்டோம்"னு பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள்.