அமானிதமும் முகமற்ற சந்தையும்

முன்பின் அறியாத இருவர் வாணிபம் செய்ய முற்படும்போது ஒரு சிக்கல் எழுகிறது. சரக்கு முதலிலா, பணம் முதலிலா? இருவரும் நம்பும் மூன்றாமவர் ஒருவர் பணத்தை வாங்கி வைத்திருந்து, சரக்கு சேர்ந்தபின் விடுவிப்பது இதற்கான தீர்வுகளுள் ஒன்று. இதனை இன்று எஸ்க்ரோ என்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால், அந்த மூன்றாமவர் கையில் இருப்பது அமானிதம்.

அமானிதத்தின் வரலாறு நமக்குப் புதிதன்று. கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். ஊரே பகைத்து நின்ற வேளையிலும் அந்தப் பொறுப்பு கைவிடப்படவில்லை.

ஸுபைர் (ரலி) அவர்களின் நடைமுறை இன்னும் ஒரு படி மேலானது. தம்மிடம் பாதுகாப்புக்காகப் பணம் கொண்டுவந்தவர்களிடம், அதை அமானிதமாக ஏற்காமல் கடனாகவே பெற்றுக்கொண்டார்கள் என்று ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. அமானிதம் காப்பவரின் தவறின்றித் தொலைந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. கடனோ எந்நிலையிலும் தீர்க்கப்பட வேண்டியது. அவர்கள் மறைந்தபோது 22 லட்சம் கடன் இருந்தது. மகன் அப்துல்லாஹ் (ரலி) அதனை அடைத்து, நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் உரிமையுடையோரை அறிவித்து அழைத்த பின்னரே சொத்தைப் பங்கிட்டார்கள்.

நம் மடத்துக்குளம் அமைந்துள்ள திருப்பூர் மாவட்டத்தின் பின்னலாடை ஏற்றுமதியிலும் இதே தேவை உண்டு. கடல் கடந்த வாங்குபவரை ஏற்றுமதியாளர் நேரில் அறியாதபோது, எல்.சி. எனும் வங்கி உறுதிக் கடிதம் துணை நிற்கிறது. சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணங்கள் நிபந்தனைப்படி அமைந்தால் வங்கி பணம் தருகிறது. அந்த வங்கிக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. மீறினால் வழக்குத் தொடுக்க நீதிமன்றமும் உண்டு.

2011இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘சில்க் ரோடு’ என்ற மறைவான இணையச் சந்தை, இந்த மூன்றாமவரின் முகத்தை நீக்கியது. போதைப்பொருள் வாங்குவோர் பிட்காயினைச் சந்தையிடம் செலுத்துவர். சரக்கு கிடைத்தபின் அது விற்பவருக்கு விடுவிக்கப்படும். 2013 அக்டோபரில் அதனை நடத்திய ராஸ் உல்ப்ரிக்ட் கைதானார். அடுத்து எழுந்த ‘சில்க் ரோடு 2.0’, தன்னிடமிருந்த எஸ்க்ரோ நாணயங்கள் களவு போயின என்று 2014 பிப்ரவரியில் அறிவித்தது. 2015 மார்ச்சில் ‘எவல்யூஷன்’ சந்தையின் நிர்வாகிகள், வாடிக்கையாளரின் நாணயங்களை அள்ளிக்கொண்டு மறைந்தனர்; இழப்பு சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டது. மூன்று சாவிகளுள் இரண்டு சேர்ந்தாலே பணம் நகரும் முறையும் அத்தகைய சந்தைகளில் வந்தது. ஆயினும், தகராறில் தீர்ப்புச் சொல்பவர் யாரென்றே தெரியாத குறை நீங்கவில்லை.

இதற்கு மாறான நிகழ்வு ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. வாசிர்எக்ஸ் மறைவுச் சந்தை அன்று. அறியப்பட்ட கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம். 2024 ஜூலையில் அங்கு நடந்த இணையக் களவில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் பறிபோயின. வாடிக்கையாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதனை ஒருவர் மற்றொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் இயலும் என்று 2025 அக்டோபரில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்து, அவருடைய உடைமைக்கு இடைக்காலப் பாதுகாப்பும் அளித்தார். நிறுவனத்துக்குப் பெயர் இருந்தமையால்தான் அவரால் வழக்காட முடிந்தது.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கடனை எழுதிச் சாட்சி வைக்க அல்பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. பெயர், எழுத்து, சாட்சி மூன்றும் இல்லாத கையில் நம் பிள்ளைகள் உழைத்த ஊதியத்தை ஒப்படைக்கும்முன், அதைத் திருப்பிக் கேட்க எந்தக் கதவைத் தட்டுவது என்று நாம் வீட்டிலேயே கேட்டுப் பழக வேண்டும். வல்ல அல்லாஹ் நம் பொருளையும் நம் நாணயத்தையும் காத்தருள்வானாக.