சட்கோவை சிந்துபாத் ஆக்கியவர்கள்

1962இல் அமெரிக்காவில் வெளியான 'தி மேஜிக் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்' படத்தில் உண்மையில் சிந்துபாத்தே கிடையாது. அது அலெக்சாந்தர் ப்துஷ்கோ 1953இல் எடுத்த 'சட்கோ' என்ற சோவியத் படம். வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் வாங்கியது.

பிலினா எனப்படும் ரஷ்ய வீரகதைப் பாடல்களில் சட்கோ நோவ்கோரத் நகரத்துக்காரன். குஸ்லி என்ற நரம்புக் கருவியை மீட்டிக் கடலரசனையே ஆட வைத்தவன். பாட்டுக்குப் பின்னால் நிஜ ஆள் ஒருவர் இருந்திருக்கலாம். 1167இல் சோத்கோ சித்தினிச் என்பவர் கல்லால் தேவாலயம் எழுப்பியதாக நோவ்கோரத் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது.

அமெரிக்காவில் அது பனிப்போர்க் காலம். ரோஜர் கார்மன் படத்தை வாங்கி, அப்போது இளைஞரான பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவை வைத்து ஆங்கிலத்துக்கு மாற்றினார். நாயகன் சிந்துபாத் ஆனான். டைட்டிலில் ப்துஷ்கோவும் 'ஆல்ஃபிரட் போஸ்கோ' ஆகிவிட்டார்!

பாடகர்கள் பல நூற்றாண்டுகள் வாய்வழியாகவே காப்பாற்றி வைத்திருந்த பேரு, ஒரே டப்பிங்கில் காணாமல் போச்சு. படம் பார்க்க ஆசைப்பட்டால் 'சட்கோ' என்றே தேடுங்க.