காலடியில் தண்ணீர், கையில் காலி பாட்டில்

அமெரிக்காவில் பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயில்னு ஒரு நடைபாதை இருக்கு. மெக்சிகோ எல்லையில் ஆரம்பிச்சு கனடா எல்லை வரைக்கும் 2,650 மைல். கூடாரம், படுக்கை, அரிசி பருப்பு எல்லாத்தையும் முதுகில் கட்டிக்கொண்டு நாலஞ்சு மாசம் நடக்கிறார்கள். முதல் 700 மைல் தெற்குக் கலிஃபோர்னியா, பெரும்பாலும் வறண்ட பூமி. சீக்கிரம் கிளம்பினால் அதைத் தாண்டி வரும் சியரா மலையில் பனி உருகியிருக்காது. தாமதமாகக் கிளம்பினால் பாலைவனம் வறுத்துவிடும். அதனால் ஏப்ரல், மே மாசத்தில் கிளம்பி, சரியாக வெயில் ஏறுகிற நேரத்தில் மொஹாவி பாலைவனத்தின் ஓரத்துக்கு வந்து சேர்வார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆறு லிட்டர் சுமந்தால் ஆறு கிலோ. குறைத்தால் தாகம், கூட்டினால் முதுகுவலி. வழியில் சில இடங்களில் தன்னார்வலர்கள் கேன் கேனாகத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவதுண்டு, நம்ம தண்ணீர்ப்பந்தல் மாதிரி. அதை நம்பி யாரும் நடக்க வேண்டாம் என்பதுதான் பாதையைப் பராமரிக்கிற சங்கத்தின் அறிவுரை. காலி கேனைப் பார்ப்பதற்காக இருபது மைல் நடந்தவருக்கு அதன் அர்த்தம் புரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'கிரெஸ்ட்' என்றால் மலைமுகடு. பேர்லயே முகடு இருக்கிற பாதை, ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் முகட்டை விட்டுவிட்டு பாலைவனத் தரையில் இறங்குது. கிட்டத்தட்ட 17 மைல், நிழலே கிடையாது. இருக்கிற ஜோஷுவா மரம் நம்ம ஊர் கருவேலத்தைவிட நிழலில் கஞ்சம். பலபேர் இந்தத் துண்டை ராத்திரியில்தான் நடக்கிறார்கள். வேடிக்கை என்னன்னா, அவர்கள் நடப்பதே தண்ணீர் மேலதான். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குப் போகும் நீர்க்குழாய் அது. கொஞ்ச தூரம் பெரிய இரும்புக் குழாயாகத் தெரியும், பிறகு கான்கிரீட் மூடிக்குக் கீழே போய்விடும். மூடிக்கு மேலே மனுஷன் நாக்கு வறண்டு நடப்பான்.

முகட்டை விட்டு ஏன் இறங்கினார்கள்? அதற்கு டெஹோன் பண்ணையைப் பற்றிச் சொல்லணும். 270,000 ஏக்கர், கலிஃபோர்னியாவிலேயே ஒரே துண்டாக இருக்கும் மிகப்பெரிய தனியார் நிலம். முகடு அதன் வழியாகப் போகுது. பண்ணைக்காரர்கள் வழி விடவில்லை.

அந்த நிலத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1853இல் எட்வர்ட் பீல் என்கிற அரசு அதிகாரி, பூர்வகுடிகளுக்கென்று அங்கே ஒரு குடியிருப்பை அமைத்தார். 1860களில் பார்த்தால் அந்த நிலமெல்லாம் அதே பீலுக்குச் சொந்தம்! எப்படின்னு கேட்காதீங்க, சட்டப்படி காசு கொடுத்துத்தான் வாங்கினார் :-)

வடக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பயூட் மக்கள் வாழ்ந்தார்கள். சியராவின் பனி உருகி வரும் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, கிழங்கு விளையும் நிலத்துக்குப் பாய்ச்சியவர்கள். வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்ததற்கு முந்தைய நீர்ப்பாசனம் அது. குடியேறிகளின் மாடுகள் அவர்களுடைய சாப்பாட்டைத் தின்றன, இவர்கள் மாட்டைக் கொன்றார்கள், பட்டாளம் வந்தது. 1863 ஜூலையில் 900க்கும் மேற்பட்ட பயூட் மக்களை, குழந்தை, கிழவர் எல்லோரையும் சேர்த்து, படைவீரர்கள் டெஹோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ 200 மைல். ஜூலை மாசம், அந்த வெயில். போய்ச் சேர்ந்தது சுமார் 850 பேர். மீதிப்பேரில் வழியில் செத்தவர்களும் உண்டு, தப்பி ஓடியவர்களும் உண்டு. அங்கே போனால் கொடுக்கச் சோறும் இல்லை, இடமும் சரியாக இல்லை. பலர் மெல்ல நழுவி, வந்த வழியிலேயே ஊருக்கு நடந்தே திரும்பிவிட்டார்கள். முகாம், தண்ணீர்க் கேன், எடை குறைந்த கூடாரம் எதுவும் இல்லாமல். நெடுநடை வீரர்கள்னு பட்டியல் போடுகிறவர்கள் இவர்களைச் சேர்ப்பதில்லை.

ஊருக்குத் திரும்பினார்கள், ஆனால் ஊர்த் தண்ணீர் நிற்கவில்லை. 1904, 1905 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் அந்தப் பள்ளத்தாக்கில் நிலமும் நீருரிமையும் வாங்க ஆரம்பித்தார். மத்திய அரசு பாசனத் திட்டம் கொண்டுவரப் போகிறது, அதற்குத்தான் வாங்குகிறார் என்று விவசாயிகள் நினைத்துக்கொண்டார்கள். அழகாகத் தண்ணி காட்டிவிட்டார். 1913 நவம்பர் 5ஆம் தேதி வில்லியம் முல்ஹாலண்ட் கட்டிய 233 மைல் கால்வாய் திறக்கப்பட்டது. பம்பே கிடையாது, முழுக்கச் சரிவிலேயே தண்ணீர் ஓடும். பொறியாளரா அவரைக் கும்பிடத்தான் தோணுது. ஆனால் 1920களில் ஓவன்ஸ் ஏரி வற்றிப்போய் புழுதிக்காடாச்சு. 1924இல் விவசாயிகள் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள், மதகைக் கைப்பற்றி நாலு நாள் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். 1927இல் மறுபடி வெடிகள். 1928 மார்ச்சில் முல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் ஃப்ரான்சிஸ் அணை உடைந்து 400 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த சான் ஃப்ரான்சிஸ்கிட்டோ பள்ளத்தாக்கையும் நம்ம பாதை குறுக்கே கடக்குது. ('சைனாடவுன்' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் வாசனை தெரிந்திருக்கும்.)

டெஹோன் பண்ணை என்னாச்சு? 1912இல் பீலின் மகன் அதை விற்றார். வாங்கிய கூட்டணியில் முக்கியமான ரெண்டு பேர்: கால்வாய்க்காக மாய்ந்து மாய்ந்து எழுதிய லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் ஹாரி சாண்ட்லர், நகரத் தண்ணீர் வாரியத்தில் இருந்த மோசஸ் ஷெர்மன். ஆக, தண்ணீர் போன திசையும் நிலம் போன திசையும் ஒண்ணுதான்.

பாதையின் கதை சுருக்கமாக. 1932இல் கிளின்டன் கிளார்க் யோசனை சொன்னார். 1935 முதல் 1938 வரை வாரன் ரோஜர்ஸ், சின்ன வயசில் போலியோ வந்தவர், இளைஞர்களைக் குழு குழுவாக அனுப்பி வழியைப் பார்த்துவரச் செய்தார். 1968இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் பண்ணை அசையவில்லை. பாதை முழுமையடைந்ததாக 1993இல் விழா எடுத்தபோதும் இந்தத் துண்டு குழாய் மேலேதான். 2008இல் சுற்றுச்சூழல் அமைப்புகளோடு பண்ணை செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 37 மைல் பாதை பண்ணை வழியாகப் போகலாம் என்று ஒரு ஷரத்து சேர்ந்தது. அதற்கப்புறமும் வருஷக்கணக்காகக் குழாய் மேலேதான் நடக்கிறார்கள்.

அந்த 17 மைல் முடியும் இடத்தில் காட்டன்வுட் ஓடைப் பாலம். ஓடையில் பெரும்பாலும் மணல்தான். பாலத்துக்குப் பக்கத்தில் கால்வாயிலிருந்து எடுத்த ஒரு திருகுகுழாய் இருக்கு. சில சமயம் அடைத்துவைத்திருப்பார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மெனக்கெட்டு முன்னாடி போனவர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள், முதுகில் ஆறு கிலோ தண்ணீரோடு.