கடிதம் சான்றான கதை: 'போலந்து விவசாயி' ஆய்வும் அதன் நூறாண்டுத் தாக்கமும்

முன்னுரை

1918 முதல் 1920 வரை அமெரிக்காவில் ஐந்து தொகுதிகளாக ஒரு நூல் வெளிவந்தது. 'ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போலந்து விவசாயி' என்பது அதன் பெயர். பக்கங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஆசிரியர்கள் இருவர்: சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டபிள்யூ. ஐ. தாமஸ், போலந்துத் தத்துவ அறிஞர் ஃபுளோரியான் ஸ்நானியெட்ஸ்கி. குடியேறிகளைப் பற்றிய சமூகவியலுக்கு அடித்தளமிட்டது இந்நூல்தான் என்று கருதப்படுகிறது. அது எந்தச் சூழலில் பிறந்தது, எதை மாற்றியது, எங்கே தோற்றது, அதில் எஞ்சியிருப்பது எது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நூல் முன்வைத்த கோட்பாடுகள் பலவும் காலத்தால் கழிந்துவிட்டன. குடியேறிகளின் சொந்த எழுத்தைச் சான்றாக ஏற்றதும், விட்டுவந்த ஊரையும் வந்துசேர்ந்த ஊரையும் ஒரே ஆய்வுக்குள் கொண்டுவந்ததுமே அதன் நிலைத்த கொடைகள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இனத்தை அளந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போலந்து என்றொரு நாடு வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டுபட்டது, கூலி போதவில்லை. முதல் உலகப் போருக்கு முந்தைய சில பத்தாண்டுகளில் சுமார் 20 லட்சம் போலந்து மக்கள் அமெரிக்கா சென்றனர். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களும் இரும்பு ஆலைகளும் அவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டன.

இவர்களும் இத்தாலியர், யூதர் முதலானோரும் வந்து குவிவதைக் கண்டு அமெரிக்க அரசியல் கலங்கியது. 1907-இல் செனட்டர் வில்லியம் டில்லிங்ஹாம் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1911-இல் அது 41 தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தது. தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் 'புதிய' குடியேறிகள் 'பழைய' குடியேறிகளைவிடத் தரத்தில் தாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் அதில் இழையோடியது. இத்தனைக்கும், அந்த ஆணையத்துக்காகவே நியூயார்க்கில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ், குடியேறிகளின் பிள்ளைகளுக்குத் தலை வடிவம்கூடச் சூழலால் மாறுகிறது என்று அளந்து காட்டியிருந்தார். ஆணையத்தின் பரிந்துரைகளில் அதற்கு இடமில்லை.

இதற்கு மாறான பார்வை ஒன்று சிகாகோவிலேயே முளைவிட்டிருந்தது. ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் சேவை இல்லம் தன் சுற்றுப்புறத்தை வீடு வீடாகக் கணக்கெடுத்து, 18 தேசிய இனத்தவரையும் அவர்கள் வாங்கிய கூலியையும் 1895-இல் வண்ண வரைபடங்களில் வெளியிட்டது. அந்த இல்லத்தை ஆடம்ஸுக்கு அளித்தவர் ஹெலன் கல்வர் என்ற செல்வந்தப் பெண்மணி. 1908-இல் தாமஸின் குடியேறிகள் ஆய்வுக்கு 50,000 டாலர் நிதி வழங்கியவரும் இதே கல்வர்தான். அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை. ஆய்வுக்குப் பணமும் வந்தது. பணத்தோடு ஐரோப்பாவுக்குப் போய்ப் பார்க்கும் வாய்ப்பும் வந்தது.

இருவர் சேர்ந்த விதம்

தாமஸ் பலமுறை ஐரோப்பா சென்று பல இன மக்களைக் கவனித்தபின், போலந்து விவசாயிகளைத் தேர்ந்தெடுத்தார். 1913-இல் வார்சாவில் ஸ்நானியெட்ஸ்கியைச் சந்தித்தார். வெளிநாடு செல்வோருக்கு உதவும் பாதுகாப்புச் சங்கத்தின் இயக்குநராக அப்போது ஸ்நானியெட்ஸ்கி பணியாற்றிக்கொண்டிருந்தார். யார் போகிறார்கள், எதை விற்றுப் போகிறார்கள், போனவர்களில் யார் திரும்புகிறார்கள் என்பதை அன்றாடம் பார்த்தவர் அவர். 1914-இல் போர் மூண்டதும் அவர் சிகாகோ வந்து சேர்ந்தார். குடியேற்றத்தின் ஒரு முனையை அறிந்தவரும் மறு முனையை அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதியதால்தான் நூலின் தலைப்பிலேயே இரண்டு கண்டங்கள் இடம்பெற்றன.

கடிதத்தின் உள்ளே

தாமஸ் சிகாகோவின் போலந்து மொழி நாளிதழில் விளம்பரம் கொடுத்து, ஊரிலிருந்து வந்த கடிதங்களை ஒன்றுக்குப் பத்து முதல் இருபது சென்ட் வரை கொடுத்து வாங்கினார். நூலில் 764 கடிதங்கள் 50 குடும்பங்களின் வரிசையாக அச்சாகியுள்ளன. குடும்பம் குடும்பமாகத் தொகுத்ததில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. தனிக் கடிதம் ஒரு செய்தியைச் சொல்லும். ஒரே வீட்டின் பத்து வருடக் கடிதங்களை அடுத்தடுத்துப் படித்தால், உறவு எந்த இடத்தில் தளர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கடிதங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. முதலில் இறைவனுக்குத் துதி. அடுத்து, நாங்கள் நலம், நீங்களும் நலமாயிருக்க வேண்டும் என்ற வரி. பிறகு பெற்றோர், அண்ணன், தம்பி, மாமன், ஞானத்தாய் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தனித்தனி வணக்கம். இதனாலேயே ஆசிரியர்கள் இவற்றை 'வணக்கக் கடிதம்' என வகைப்படுத்தினர். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும் பழைய தமிழ்க் கடிதங்களை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இன்னொருவரிடம் சொல்லி எழுதுவித்த கடிதங்களும் இவற்றில் உண்டு.

மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் சடங்காகத் தோன்றும் இந்த வணக்க வரிசையைத்தான் தாமஸும் ஸ்நானியெட்ஸ்கியும் முக்கியச் சான்றாகக் கொண்டனர். பிரிவு வந்தபின்னும் குடும்பம் குடும்பமாகவே இருக்கிறது என்று உறுதி சொல்வதே இக்கடிதத்தின் முதல் வேலை என்றார்கள். கப்பல் சீட்டு அனுப்பு, நிலம் வாங்கப் பணம் அனுப்பு, தங்கைக்குச் சீதனம் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கைகள் இந்த வணக்கத்துக்குப் பிறகே வருகின்றன. சம்பாதிப்பது தனி ஆளாக இருந்தாலும் சம்பாத்தியம் குடும்பத்தினுடையது என்ற பழைய நியாயமும், 'என் பணம்' என்ற புதிய எண்ணமும் மோதிக்கொள்ளும் இடத்தைக் கடிதத்தின் வரிகளிலேயே காண முடிந்தது.

மூன்றாம் தொகுதியில், விளாடெக் என்ற ரொட்டி சுடும் தொழிலாளி தன் வாழ்க்கையைத் தானே எழுதிய நெடிய வரலாறு சுமார் 300 பக்கங்களுக்கு விரிகிறது. பெயர்பெற்ற மனிதர்களுக்கே உரியதாக இருந்த தன்வரலாறு, ஒரு கூலித் தொழிலாளியின் கையிலிருந்து அறிவியல் ஆவணமாக வெளிவந்தது.

கேள்வி மாறியது

இந்தச் சான்றுகளிலிருந்து ஆசிரியர்கள் எடுத்த முதன்மையான கருத்து சமூகச் சீர்குலைவு. கிராமத்தின் நியதிகள் தனிமனிதன்மேல் செலுத்திய பிடி தளர்வதையே அவர்கள் இச்சொல்லால் குறித்தனர். குடிப்பழக்கம், குடும்ப முறிவு, இளையோர் குற்றம் ஆகியவை இரத்தத்திலிருந்து வருவதில்லை, பிடி தளர்ந்த இடத்திலிருந்து வருகின்றன என்பது அவர்களின் விளக்கம். சீர்குலைவை அடுத்து மறுசீரமைப்பு வரும். திருச்சபைப் பங்கு, பரஸ்பர உதவிச் சங்கம், தாய்மொழிப் பத்திரிகை ஆகியவை சிகாகோவில் ஒரு புதிய போலந்து-அமெரிக்கச் சமூகத்தைக் கட்டுகின்றன என்று அவர்கள் காட்டினர். ஒரு மனிதன் தன் சூழலை எப்படிப் புரிந்துகொள்கிறான் என்பதே அவன் செயலைத் தீர்மானிக்கிறது என்ற தாமஸின் புகழ்பெற்ற கருத்தும் இங்கேதான் வடிவம் பெற்றது.

எந்த இனம் அமெரிக்காவுக்கு ஏற்றது என்பது டில்லிங்ஹாம் ஆணையத்தின் கேள்வி. இடம் பெயரும்போது ஒரு குடும்பத்துக்கு என்ன நேர்கிறது என்பது தாமஸ், ஸ்நானியெட்ஸ்கியின் கேள்வி. பின்வந்த ஆய்வாளர்கள் இரண்டாவது கேள்வியையே தொடர்ந்தார்கள்.

பறிபோன பெயரும் பாராத சட்டமும்

முதல் இரு தொகுதிகள் வெளிவந்த 1918-ஆம் ஆண்டிலேயே, ஒரு தனிப்பட்ட விவகாரத்தில் தாமஸ் கைதானார். நீதிமன்றத்தில் வழக்கு நிற்கவில்லை. ஆயினும் பல்கலைக்கழகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. அதன் பதிப்பகமும் நூலைக் கைவிட்டது. எஞ்சிய தொகுதிகளை பாஸ்டனின் ரிச்சர்ட் பேட்ஜர் பதிப்பகம் வெளியிட்டது. கார்னகி நிறுவன நிதியில் நடந்த அமெரிக்கமயமாக்கல் ஆய்வு வரிசைக்காகத் தாமஸ் பெரும்பகுதி எழுதிய நூல் ஒன்று, 1921-இல் ராபர்ட் பார்க், ஹெர்பர்ட் மில்லர் ஆகியோரின் பெயரில் வந்தது. வந்தவர்களின் பழைய நினைவுகளை அழித்து அவர்களைக் குடிமக்களாக்க முடியாது, அவர்களின் சொந்த அமைப்புகளே அதற்குப் பாலமாகும் என்று அந்நூல் வாதிட்டது. அதில் தாமஸின் பெயர் இடம்பெற 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

சட்டம் இயற்றியவர்கள் இந்த வாதத்துக்குச் செவிசாய்க்கவில்லை. 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், 1890 மக்கள்தொகைக் கணக்கில் இருந்த ஒவ்வொரு நாட்டினரில் 2 விழுக்காடு என ஒதுக்கீட்டைச் சுருக்கியது. போலந்துக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 5,982 இடங்கள். நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை நீக்கும் சட்டம் 1965-இல்தான் வந்தது. நல்ல ஆய்வு உடனே நல்ல சட்டமாகிவிடாது என்பதற்கு இந்த நாற்பது ஆண்டுகளே சாட்சி.

சிகாகோ தந்த வாரிசுகள்

தாமஸ் வெளியேறினாலும் அவர் அழைத்துவந்த ராபர்ட் பார்க் சிகாகோவில் இருந்தார். குடியேறிகளின் பத்திரிகைகளைப் பற்றி 1922-இலும், இரு பண்பாடுகளுக்கு நடுவே நிற்கும் 'விளிம்பு மனிதன்' பற்றி 1928-இலும் அவர் எழுதினார். லூயி வர்த் யூதர் குடியிருப்பைப் பற்றி எழுதினார். சலவைக் கடைச் சூழலை நேரில் அறிந்த பால் சியூ, சிகாகோவின் சீனச் சலவைத் தொழிலாளர்களை ஆராய்ந்து, ஊர் திரும்பும் எண்ணத்தோடே காலம் கழிக்கும் 'தற்காலிகவாசி' என்ற கருத்தை 1952-இல் முன்வைத்தார்.

இந்த மரபில் மிகத் தெளிவான முடிவைத் தந்தவர்கள் கிளிஃபர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும். 1942-இல் வெளியான அவர்களின் நூல், சிகாகோவின் சிறார் குற்ற வழக்குகளைப் பல்லாண்டுகளுக்கு வரைபடத்தில் குறித்துப் பார்த்தது. ஒரு பகுதியில் முதலில் ஒரு நாட்டினர் குடியிருந்தார்கள். அவர்கள் வெளியேற வேறொரு நாட்டினர் வந்தார்கள். மக்கள் மாறியும் அப்பகுதியின் குற்ற விகிதம் உயர்ந்தே இருந்தது. வெளியேறிய மக்களின் குற்ற விகிதமோ குறைந்தது. குற்றத்துக்குக் காரணம் இனம் என்ற வாதத்தை இதைவிட அழுத்தமாக மறுப்பது கடினம்.

விமர்சனங்கள்

1938-இல் அமெரிக்கச் சமூக அறிவியல் ஆய்வுக் குழுமத்தின் வேண்டுகோளின்படி ஹெர்பர்ட் புளூமர் இந்நூலை மதிப்பிட்டார். கடிதங்கள் கோட்பாட்டை ஒளியேற்றிக் காட்டுகின்றன, ஆனால் அதை நிரூபிக்கவில்லை என்பது அவர் தீர்ப்பு. தாமஸ் அதைப் பெருமளவு ஏற்றுக்கொண்டார். தனிமனித ஆவணங்களை எப்படிக் கையாள்வது என்ற முறையியல் விவாதம் அங்கிருந்தே வளர்ந்தது.

இன்னொரு குறை அடிப்படையானது. அமெரிக்க வாழ்க்கையைப் பேசும் தொகுதி நீதிமன்றம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றின் பதிவேடுகளை அதிகம் சார்ந்தது. சிக்கலில் மாட்டியவர்களே அங்கு பதிவாவார்கள். ஆகவே சமூகம் உடைந்துகொண்டிருப்பதாகவே சித்திரம் அமைந்தது. ஸ்நானியெட்ஸ்கியின் மகள் ஹெலினா லோப்பாட்டா 1976-இல் எழுதிய நூல் இதை மறுத்தது. போலந்து-அமெரிக்கச் சமூகம் கலைந்துவிடவில்லை, தமக்குள் மதிப்புக்கும் அந்தஸ்துக்கும் போட்டியிட்டபடியே உயிர்ப்புடன் தொடர்ந்தது என்று அவர் காட்டினார்.

போலந்தில் நடந்த மறுபாதி

1920-இல் தாயகம் திரும்பிய ஸ்நானியெட்ஸ்கி பொஸ்னானில் சமூகவியல் துறையை உருவாக்கி, தன்வரலாறுகளைப் போட்டி வைத்துத் திரட்டும் வழக்கத்தைத் தொடங்கினார். வேலையற்றோர், விவசாயிகள், புலம்பெயர்ந்தோர் ஆகியோரின் நினைவுக்குறிப்புகள் 1930-களில் வார்சாவில் நூல்களாக வந்தன. 1973-இல் வரலாற்றாசிரியர் விட்டோல்ட் குலாவும் துணையாசிரியர்களும் மற்றொரு கடிதத் தொகுதியை வெளியிட்டனர். அமெரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் 1890, 1891 ஆண்டுகளில் ஊருக்கு எழுதப்பட்டு, ஜார் அரசின் தணிக்கையாளர்களால் பறிக்கப்பட்ட கடிதங்கள் அவை. மூலங்களில் பல 1944-இல் வார்சா எரிந்தபோது அழிந்தன. தாமஸ் வாங்கியவை பெரும்பாலும் ஊரிலிருந்து வந்தவை. இவை ஊருக்குப் போயிருக்க வேண்டியவை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே உரையாடலின் இரு பக்கமும் கேட்கிறது.

முடிவுரை

அமெரிக்கச் சமூகவியல் நெடுங்காலம் வந்துசேர்ந்த ஊரை மட்டுமே பார்த்தது. 1990-களில் நினா கிளிக் ஷில்லர் முதலியோர், குடியேறிகள் இரு நாடுகளிலும் ஒரே சமயத்தில் வாழ்கிறார்கள் என்று வலியுறுத்தினர். டொமினிக்கன் கிராமம் ஒன்றையும் பாஸ்டன் நகரின் ஒரு பகுதியையும் சேர்த்து ஆராய்ந்து பெகி லெவிட் 2001-இல் எழுதிய நூல், பணத்தோடு எண்ணங்களும் பழக்கங்களும் ஊருக்குப் போய்ச் சேர்வதைக் காட்டியது. புதிதாகப் பேசப்பட்ட இந்தப் பார்வை 1918-இல் இருந்ததுதான், இடையில் மறந்துபோயிருந்தது.

குடியேறிகளைப் பற்றிப் பேசும் எந்த ஆய்வையும் அறிக்கையையும் இரண்டு கேள்விகளால் சோதிக்கலாம்: அவர்களின் சொந்தச் சொல் அதில் இடம்பெற்றிருக்கிறதா? அவர்கள் விட்டுவந்த ஊர் அதில் இருக்கிறதா? குடியேறிகளைத் தரம் பிரித்த ஆணையத்தின் 41 தொகுதிகளைவிட, இரண்டும் உள்ள ஐந்து தொகுதிகளே அறிவுலகில் நீடித்திருக்கின்றன.